ஃபுஜிதாவின் வெள்ளை எங்கிருந்து வந்தது

2018 மார்ச் 7 முதல் ஜூலை 15 வரை பாரிஸ் மையோல் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. ட்சுகுஹாரு ஃபுஜிதா என்ற ஜப்பானிய ஓவியர் இறந்து 50 வருடம் ஆனதை ஒட்டி வைத்தது. 100-க்கும் மேற்பட்ட படங்கள். மனிதர் 81 வயது வரை வாழ்ந்தவர், கடைசி வரை வரைந்துகொண்டே இருந்தவர், ஆனால் கண்காட்சி எடுத்துக்கொண்டது 1913-இலிருந்து 1931 வரையிலான 18 வருடத்தை மட்டும்தான். அதாவது 26 வயதில் பாரிஸுக்கு வந்து இறங்கியதிலிருந்து 44 வயதில் கடன், வரிப் பாக்கி, ஒடிந்த கல்யாணம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பியது வரை.

ஏன் இந்த 18 வருடம்? பாரிஸ்காரர்கள் பாரிஸில் நடந்த கதையைச் சொல்லிக்கொள்வது இயல்புதான். ஆனாலும் அந்த வருடங்களுக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், "ஜப்பானிலிருந்து வந்த பையன் பாரிஸில் ஜெயித்தான்" என்ற ஒற்றை வரிக்குள் அடங்காத சில விஷயங்கள் கிடைக்கின்றன. எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு பவுடர் டின் சம்பந்தப்பட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் பெயர். ஜப்பானியர்கள் ஃபுஜிதா என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "ஃபு" என்ற எழுத்துச் சேர்க்கையைப் பார்த்தால் உதட்டைக் குவித்து வேறு மாதிரி உச்சரிப்பார்கள், அதனால் இவர் தன் பெயரின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நடுவில் ஓர் "ஓ"-வைச் சொருகிக்கொண்டார். சொருகிய பிறகு பெயரின் முதல் பாதி பிரெஞ்சில் "பைத்தியம்" என்று பொருள்படும் சொல்லாகிவிட்டது. பாரிஸில் ஓவியர்கள் கூடி வாழ்ந்த மோன்பர்னாஸ் பகுதி நண்பர்கள் சும்மா விடுவார்களா, "ஃபூஃபூ" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் அதைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டார். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீடு வசதியான வீடு. அப்பா ராணுவ மருத்துவர், பிற்பாடு ராணுவ மருத்துவத் துறையின் தலைமைப் பதவி வரை போனவர். அந்தப் பதவியில் அவருக்கு முன்னால் இருந்தவர் மோரி ஓகாய், ஜப்பானிய நவீன இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒருவர். பையன் பள்ளிப் படிப்பு முடிந்ததுமே பிரான்ஸுக்குப் போகிறேன் என்று நின்றபோது, முதலில் இங்கே ஓவியக் கல்லூரியில் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் இந்த மோரிதான். அப்படித்தான் ஃபுஜிதா டோக்கியோ நுண்கலைக் கல்லூரியின் மேற்கத்திய ஓவியப் பிரிவில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஆசிரியர் குரோடா சேய்கி. இவரைப் பற்றித் தெரிந்தால்தான் பாரிஸில் ஃபுஜிதாவுக்கு விழுந்த அடி புரியும். குரோடா 1884-இல் சட்டம் படிக்க பிரான்ஸுக்குப் போய், ஓவியத்துக்கு மாறி, ரஃபாயேல் கோலன் என்ற ஓவியரிடம் பயின்று, 1893-இல் ஜப்பான் திரும்பியவர். கோலன் பழைய சலோன் மரபில், அதாவது பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சிகளுக்கு ஏற்ற பாணியில் வந்தவர், அதன் மேல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் வெளிச்சத்தை லேசாகத் தெளித்துக்கொண்டவர். குரோடா அதைக் கொண்டுவந்து டோக்கியோவில் விதைத்தார், அதுவே "மேற்கத்திய ஓவியம்" என்று ஆகிவிட்டது. திறந்த வெளி, இதமான ஒளி, நிழலுக்கு ஊதா. கறுப்பு கூடாது. கறுப்பு என்றாலே குரோடாவுக்கு ஆகாது. 1910-இல் படிப்பு முடித்தபோது ஃபுஜிதா கொடுத்த சுய உருவப்படத்தில் கறுப்பு தாராளமாக இருந்தது, கூடவே முகத்தில் கொஞ்சம் திமிரும். இன்றும் அந்தப் படம் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா. படிப்பு முடிந்து அரசாங்கக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்களும் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டன. உள்ளூரில் விலை போகாத சரக்கு என்றுதான் அப்போது அவரைப் பற்றி நினைத்திருப்பார்கள்.

1912-இல் தோமி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் ஜூன் மாதம் அவரை ஜப்பானிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். மூன்று வருடம் அப்பா பணம் அனுப்புவார், அதற்குள் ஏதாவது ஆகிக்காட்ட வேண்டும், இதுதான் பேச்சு. ஆகஸ்டில் பாரிஸ்.

வந்த கையோடு, ஓர்த்திஸ் தெ சாரத்தே என்ற சிலி நாட்டு ஓவியர் மூலம் பிக்காஸோவின் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். அங்கே சுவரில் ஆன்ரி ரூஸோவின் படம். ரூஸோ சுங்கச்சாவடியில் வேலை பார்த்துக்கொண்டு தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர், எந்தப் பள்ளியும் அவரைத் தொடவில்லை. தட்டையான உருவங்கள், இலை இலையாக எண்ணி வரைந்த செடிகள். குரோடா வகுப்பில் இப்படி ஒன்றைக் காட்டியிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். ஃபுஜிதா பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில், அன்று அறைக்குத் திரும்பியதும் முதல் காரியமாகக் குரோடா வாங்கச் சொன்ன வண்ணப்பெட்டியைத் தரையில் அடித்துப் போட்டதாகச் சொல்கிறார். கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லக்கூடிய ஆள்தான், இருந்தாலும் இதை நம்பத் தோன்றுகிறது. மூன்று வருடச் சாப்பாட்டுச் செலவை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு கடல் கடந்து வந்து பார்த்தால், ஊரில் வேதமாக ஓதிய மேற்கத்திய ஓவியம் இங்கே ஒரு சந்தின் மூலையில்கூட இல்லை. கோபம் வராமல் இருக்குமா?

அடுத்த சில வருடங்கள் கந்தல். 1914 ஆகஸ்டில் போர் வந்தது, பாரிஸில் இருந்த ஜப்பானியர்கள் பெரும்பாலும் ஊருக்குக் கிளம்பினார்கள், இவர் கிளம்பவில்லை. கவாஷிமா என்ற சக ஓவியரோடு சேர்ந்து, நாங்களே தைத்த கிரேக்க அங்கியைப் போட்டுக்கொண்டு பண்டைய கிரேக்கர்களைப் போல வாழ்வோம் என்று ஒரு கூத்தும் இந்தக் காலத்தில்தான். 1916-இல் கொஞ்ச நாள் லண்டனில் சில்லறை வேலைகள். ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோயிற்று. தோமியுடனான கல்யாணம் கடிதங்களின் வழியாகவே முடிந்துபோயிற்று, அந்தப் பெண் பக்கத்துக் கதையை இந்தக் கண்காட்சிகள் எதுவும் விரிவாகச் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். குளிருக்குத் தன் படங்களையே கொளுத்திச் சூடேற்றிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். மோன்பர்னாஸ் ஓவியர் யாரைப் பற்றிப் படித்தாலும் இந்தக் கதை ஒரு பக்கத்தில் வந்துவிடும், அதனால் நான் அதைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்.

திருப்பம் 1917. மார்ச்சில் ரோத்தோந்த் காபிக்கடையில் ஃபெர்னாந்த் பாரே என்ற பெண்ணைச் சந்திக்கிறார். அவர் மாடலாக இருந்தவர், தானும் வரைபவர். முதல் நாள் அவர் இவரைக் கண்டுகொள்ளவில்லை, இவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு நீல ரவிக்கையைத் தைத்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று கதை. கதையில் எவ்வளவு உண்மையோ, தையல் உண்மை. ஃபுஜிதா வாழ்நாள் முழுக்கத் தன் துணியைத் தானே தைத்துக்கொண்டவர். இரண்டு வாரத்துக்குள் கல்யாணம். படங்களைத் தூக்கிக்கொண்டு ஓவிய வியாபாரிகளின் கடை வாசலை மிதித்ததும் ஃபெர்னாந்த்தான். ஷெரோன் என்ற வியாபாரி எடுத்துக்கொண்டார். ஒரு நீர்வண்ணப் படத்துக்கு ஏழரை ஃபிராங்க். அந்த ஜூனில் லா போயெத்தி தெருவில் அவர் கடையில் முதல் தனிக் கண்காட்சி, 110 நீர்வண்ணப் படங்கள். பார்க்க வந்தவர்களில் பிக்காஸோவும் ஒருவர், சில படங்களை வாங்கவும் செய்தார்.

110 படம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஏழரை ஃபிராங்க்கை வைத்து வாழ வேண்டுமென்றால் தினமும் வரைந்து தள்ளியாக வேண்டும். பின்னாளில் அவர் கோடு நடுங்காமல் ஓடியதற்கு இந்தக் கூலி வேலைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அந்தச் சமயம் அவர் வரைந்த பாரிஸ் நிலக்காட்சிகள் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும். ஐஃபெல் கோபுரம், பூலுவார் என்கிற அகன்ற சாலைகள் எதுவும் கிடையாது. நகரத்தின் ஓரம், பழைய கோட்டைச் சுவர் பக்கம், ஒரு புகைபோக்கி, ஆளில்லாத சாலை, தூரத்தில் பொம்மை மாதிரி ஓர் ஆள் வண்டி தள்ளிக்கொண்டு போவார். எல்லாம் சாம்பல் நிறம். வேலையும் உறவும் இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா நடந்துபோனவர்களுக்கு அந்தச் சாம்பல் எது என்று தெரியும். ரூஸோவின் தட்டைத்தனம் இதில் இருக்கிறது, ஆனால் ரூஸோவின் குதூகலம் இல்லை.

1918-இல் போரின் கடைசிக் கட்டத்தில் வியாபாரி ஸ்போரோவ்ஸ்கி தன் ஓவியர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே கான்யேவுக்குப் போனார். மோதிலியானி, சூதின், ஃபுஜிதா எல்லோரும் ஒரே கூட்டம். பாரிஸ் திரும்பி 1919-இல் சலோன் தோத்தோன் கண்காட்சிக்கு ஆறு படம் அனுப்பினார், ஆறும் தேர்வாகின. டோக்கியோவில் திரும்பத் திரும்பக் கதவைச் சாத்தியவர்களை அவர் அன்று நினைத்திருப்பாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆசை.

இப்போது வெள்ளைக்கு வருவோம்.

பாரிஸில் அப்போது ஓவியர்கள் பெருகிக் கிடந்தார்கள். ரஷ்யா, போலந்து, இத்தாலி, ஸ்பெயின், பல்கேரியா, எங்கிருந்து வராதவர்கள் இல்லை. அத்தனை பேரும் கனமான வண்ணத்தைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தார்கள், சூதினுடைய கித்தானைப் பார்த்தால் வண்ணத்தை நெய்யாக உருக்கி ஊற்றியது போலிருக்கும். அந்தக் கூட்டத்தில் நீயும் அப்பினால் உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்? ஃபுஜிதா கணக்குப் போட்டார். மற்றவர்கள் கனமாகப் பூசினால் நான் கித்தானையே காட்டுகிறேன், அவர்கள் கலர் கலராகப் போட்டால் நான் வெள்ளையும் கறுப்புமாகப் போகிறேன், அவர்கள் அகலப் பிரஷ் எடுத்தால் நான் ஊசி போல ஒன்றை எடுக்கிறேன். அப்போது அவர் மனதில் வந்தது உக்கியோயே என்ற பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்கள். ஹாருநோபு, உட்டமாரோ படங்களில் நிர்வாணம் அதிகம் கிடையாது, முழங்கால் ஓரமோ கழுத்தடியோ கொஞ்சம் தோல் தெரியும், ஆனால் தெரிகிற அந்தக் கொஞ்சத்தில் தோலின் வழவழப்பு இருக்கும். வண்ணமே பூசாமல், காகிதத்தின் வெள்ளையை மெல்லிய கோட்டால் வளைத்துப் பிடித்தே அதைக் கொண்டுவந்திருப்பார்கள். இதை எண்ணெய் வண்ணத்தில் செய்ய முடியுமா?

எண்ணமாகச் சொன்னால் அழகாக இருக்கிறது. செய்யப் போனால் ஒரு சிக்கல். ஜப்பானிய மெல்லிய கோட்டுக்கு வேண்டியது சுமி, புகைக்கரியைப் பசையோடு சேர்த்துச் செய்த மை, அதைத் தண்ணீரில் உரசித்தான் எடுக்க வேண்டும். கித்தானில் இருப்பதோ எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் மேல் தண்ணீர் மை நிற்காது, மணி மணியாகத் திரண்டு உருண்டுவிடும், எண்ணெய்ப் பிசுக்குள்ள தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததைப் போல. நின்றாலும் காய்ந்ததும் உரிந்து வந்துவிடும். எண்ணெய்க் கறுப்பை எடுத்துக் கோடு போடலாமே என்றால், அந்தக் குழம்பு முடிமாதிரி மெல்லிய பிரஷ்ஷில் ஓடாது. ஆக மொத்தம் அவருக்கு வேண்டியது, பார்க்க எண்ணெய் ஓவியம் மாதிரியும் தொட்டால் காகிதம் மாதிரியும் இருக்கிற ஒரு தளம். கடையில் கிடைக்காது. தானே செய்ய வேண்டியதுதான்.

செய்தார். எப்படிச் செய்தார் என்பதை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாரிஸில் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே போய்விடுவார். 1968-இல் அவர் இறந்த பின்னும் ரகசியம் ரகசியமாகவே இருந்தது. 2000-க்குப் பிறகு அவருடைய பெரிய படங்களைப் பழுதுபார்க்க எடுத்தபோது, பூச்சை ஆய்வு செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார்கள். ஈய வெள்ளை மூன்று பங்கு, கால்சியம் கார்பனேட் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய சாக்பீஸ் மாவு. கால்சியம் கார்பனேட் எண்ணெயோடு சேரும்போது மிக மிக லேசான ஒரு மஞ்சள் ஏறும். அந்த வெள்ளை வெறும் வெள்ளையாகச் சில்லென்று இல்லாமல் பாலேடு மாதிரி, தந்தம் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான். சரி, இதெல்லாம் ஓவியர்கள் பொதுவாகப் புழங்கும் பொருள்கள். கூடவே இன்னொன்றும் கிடைத்தது: டால்க்.

டால்க் என்றால் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுப் போடுகிறோமே, அந்தப் பவுடரில் இருப்பது.

இதை உறுதிப்படுத்தியது ஒரு புகைப்படம். தோமோன் கென் ஜப்பானின் பெரிய புகைப்படக்காரர், 1940-களின் தொடக்கத்தில் ஃபுஜிதாவின் டோக்கியோ ஸ்டுடியோவுக்குப் போய் அவர் வேலை செய்வதைப் படமெடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் ஒன்றில் வண்ணக் குழாய்களுக்கும் பிரஷ்களுக்கும் நடுவில் ஒரு டின். சிக்கரோல். ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருந்த குழந்தைப் பவுடர். ரகசியம் எல்லோர் கண்ணெதிரிலும் மேசை மேல்தான் இருந்திருக்கிறது, யாருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

டால்க் என்ன செய்கிறது? எண்ணெயின் பளபளப்பைக் கொன்று, அரைப் பளபளப்பான ஒரு வழவழப்பைத் தருகிறது. வேர்த்த கழுத்தில் பவுடர் போட்டால் பிசுபிசுப்பு போய் விரல் வழுக்குமே, அதே வேலை. அந்தத் தளத்தின் மேல் சுமி மை தங்கும், பிரஷ் தடங்கலில்லாமல் ஓடும். பிரஷ்ஷும் சாதாரணம் இல்லை. மென்ஸோ என்று ஒரு வகை, ஜப்பானிய ஓவியத்தில் முகத்தின் கண், மூக்கு, புருவ முடியைப் போட வைத்திருப்பது, பொம்மை செய்கிறவர்களும் பொம்மைக்குக் கண்ணெழுத இதையே எடுப்பார்கள். அந்த பிரஷ்ஷால் ஆளுயரத்துக்கு மேல் கிடக்கும் ஒரு பெண்ணின் தோளிலிருந்து கால் வரை ஒரே கோடாக இழுத்திருக்கிறார்.

1922-இல் வரைந்த "ழூயித் துணியோடு படுத்திருக்கும் நிர்வாணப் பெண்" படத்தைப் பார்த்தால் இதெல்லாம் ஒரே இடத்தில் புரியும். 130-க்கு 195 செ.மீ., இன்று பாரிஸ் நகர நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடல் கிக்கி, மோன்பர்னாஸில் அவரைத் தெரியாதவர் இல்லை. பின்னால் இருட்டு. கட்டிலைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் படம் அச்சடித்த ழூயி ஊர்த் துணித் திரை, அந்த அச்சுக் கோலம் மொத்தத்தையும் ஒவ்வொரு இழையாக வரைந்திருக்கிறார், பார்க்கிற நமக்கே கண் வலிக்கும். ஆனால் நடுவில் கிடக்கும் உடம்பில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. பிரைமர் அடித்த சுவரை அப்படியே விட்டுவிட்டது மாதிரி, அடிப்பூச்சேதான் தோல். ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு, கோட்டை ஒட்டி உள்பக்கம் மூச்சு விட்ட மாதிரி கொஞ்சம் சாம்பல் நிழல், அவ்வளவுதான் சதை. குரோடா வேண்டாமென்று ஒதுக்கிய கறுப்பு இங்கே படத்தையே தூக்கி நிறுத்துகிறது.

சலோன் தோத்தோனில் அது பெரிய பேச்சாகி, 8,000 ஃபிராங்க்குக்கு விற்றது. ஏழரை ஃபிராங்க்கிலிருந்து ஐந்து வருடம். கித்தான் வேறு, நீர்வண்ணம் வேறு, ஃபிராங்க்கின் மதிப்பும் இதற்கிடையில் விழுந்திருந்தது, அதனால் இரண்டையும் நேராக வைத்து ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஃபெர்னாந்த் படத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியதை நினைத்தால் அந்தத் தூரம் தெரிகிறது.

அதற்கு முந்தைய வருடம் போட்ட "என் அறை" என்ற படமும் முக்கியம். ஒரு மேசை, ஓர் அலாரம் கடிகாரம், அவருடைய வட்டக் கண்ணாடி, ஒரு பைப், கீழே மரச்செருப்பு. அதே வெள்ளைச் சுவர். பொருள்கள் பிரெஞ்சுப் பொருள்கள், நாட்டுப்புறச் சந்தையில் பொறுக்கிச் சேர்த்தவை. அவற்றை அவர் பார்க்கிற விதம் மட்டும் பிரெஞ்சு இல்லை. ஆசையாக வாங்கிய சின்னச் சின்னச் சாமானைத் துடைத்து வரிசையாக வைத்து எட்ட நின்று பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. இந்தப் படத்தை 1922-இல் டோக்கியோ அரசாங்கக் கண்காட்சிக்கும் அனுப்பினார். இம்முறை சுவரில் இடம் கிடைத்தது.

இனி ஆள். குண்டுச்சட்டியைக் கவிழ்த்து வெட்டியது போன்ற முன்முடி, வட்டக் கண்ணாடி, சின்ன மீசை, காதில் வளையம், மணிக்கட்டில் கைக்கடிகாரத்தைப் பச்சை குத்தியிருந்தார். சலூனுக்குக் காசில்லாத காலத்தில் தானே வெட்டிக்கொண்டது அந்த முடி, காசு வந்த பிறகும் விடவில்லை, ஏனென்றால் தூரத்திலிருந்தே ஆள் தெரியும். ஒரு கட்டத்தில் துணிக்கடைக்காரர்கள் அவர் சாயலில் பொம்மை செய்து ஜன்னலில் வைத்தார்கள். முகமூடி விருந்துகளில் அவர் இல்லாமல் பத்திரிகைப் படம் கிடையாது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஆள் குடிக்க மாட்டார். விருந்து முடிந்து மற்றவர்கள் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது இவர் ஸ்டுடியோவுக்குப் போய் மறுபடி பிரஷ்ஷை எடுத்துவிடுவார். துணித்திரையின் அச்சுக் கோலத்தைக் குடித்த கையால் போட்டிருக்க முடியாது.

இந்தக் கூத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பாரிஸில் அப்போது இருந்த மற்ற ஜப்பானிய ஓவியர்களுக்கு ஃபுஜிதா என்றால் கூச்சம். நாம் செஸானையும் மத்தீஸையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போக வந்திருக்கிறோம், இவர் பூனையையும் சுமி உரசும் மைக்கல்லையும் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு ஜப்பானைக் காட்டிப் பிழைக்கிறார் என்று முணுமுணுத்தார்கள். ஊரிலும் அதே பேச்சு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1929-இல் வரைந்த சுய உருவப்படத்தைப் பாருங்கள், கையில் மெல்லிய பிரஷ், முன்னால் மைக்கல், தோளுக்குப் பக்கத்தில் பூனை, ஒரு கடைப் பெயர்ப்பலகைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

ஆனால் அந்த முணுமுணுப்பில் ஒன்று விடுபடுகிறது. வெளிநாட்டு ஓவியர்களை பாரிஸ் கைவிரித்து வரவேற்றது என்று இன்று சொல்லிக்கொள்கிறோம், உள்ளே இருந்த நிலவரம் அவ்வளவு இனிப்பில்லை. சலோன் தெ ஆந்தேபாந்தான் 1924 கண்காட்சியில் படங்களை ஓவியரின் நாடு வாரியாகப் பிரித்து மாட்டினார்கள். முன்னர் எல்லோரும் கலந்து தொங்கினார்கள், இப்போது நீ எந்த ஊர்க்காரன் என்பதே முதல் கேள்வி. மறுவருடம் ஆந்த்ரே வார்னோ என்ற விமர்சகர் "பாரிஸ் பள்ளி" என்ற பெயரை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆதரவாகத்தான் புழக்கத்தில் விட்டார், ஆனால் அந்தப் பெயரே போகப்போக "பிரெஞ்சுப் பள்ளி" என்பதிலிருந்து இவர்களைப் பிரித்து நிறுத்தவும் பயன்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் செஸான் மாதிரி வரைகிற ஜப்பானியனுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? நல்ல நகல் என்பார்கள். எப்படியும் என்னை ஜப்பான்காரனாகத்தான் பார்க்கப்போகிறாய், சரி, அந்த ஜப்பானை நானே தயாரித்துத் தருகிறேன், விலையையும் நானே சொல்கிறேன். ஃபுஜிதா செய்தது இதுதான் என்று நான் படிக்கிறேன். 1925-இல் பிரெஞ்சு அரசு லெஜியோன் தோனர் என்ற உயரிய விருதைக் கொடுத்தது.

அதற்குள் ஃபெர்னாந்த் போய் லூசி பாது வந்திருந்தார். தோலின் நிறத்துக்காக அவருக்கு யூகி, ஜப்பானிய மொழியில் பனி, என்று பெயர் வைத்தார். அவர் பிறந்தநாளுக்கு பாலோ கம்பெனி கார், டிரைவரோடு, முன்மூக்கில் ரோதேன் சிற்பத்தின் சின்ன வார்ப்பு. இந்தப் பகுதியை எல்லோரும் நிறைய எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

மையோல் கண்காட்சியில் என்னை யோசிக்கவைத்த படங்கள் 1928-இன் பெரிய பலகைகள். நான்கு படங்கள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். ஒரு ஜோடியில் சிங்கமும் நாயும், இன்னொரு ஜோடிக்குச் "சண்டை" என்றே பெயர். அதே பால் வெள்ளை, அதே ஊசிக் கோடு, ஆனால் படுத்திருந்த ஒற்றைப் பெண் போய், ஆணும் பெண்ணுமாக டஜன் கணக்கில் உடம்புகள் முறுக்கிப் புரண்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மிக்கேலாஞ்செலோவோடு மோதிப்பார்க்க ஆசை வந்துவிட்டது தெரிகிறது. எனக்கு அவை அவ்வளவு வெற்றி பெற்ற படங்களாகத் தோன்றவில்லை, அந்த மெல்லிய கோடு அத்தனை தசையைத் தாங்கவில்லை, யாரும் யாரையும் உண்மையாக அடிக்கிற மாதிரியும் இல்லை. பல வருடம் இவை எங்கே போயின என்றே தெரியாமல் இருந்து, 1992-இல் ஓர்லி பக்கத்தில் ஒரு கிடங்கில் கண்டெடுக்கப்பட்டன. நான் சொன்ன பழுதுபார்ப்பு இவற்றுக்குத்தான் நடந்தது. அதாவது அவர் ரகசியத்தை உடைத்ததே இந்த நான்கு படங்கள்தான்.

1929-இல் பாரிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஜப்பான் மாணவர் இல்லத்துக்கு, சத்சுமா என்ற ஜவுளிக் குடும்பத்துச் செல்வந்தர் கேட்டு, தங்கத்தாள் ஒட்டிய பெரிய படங்களை முடித்துக் கொடுத்தார். அதே வருடம் 16 வருடம் கழித்து முதல்முறையாக ஜப்பான் போனார். கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது, ஓவியர்கள் மட்டும் மூக்கைச் சுளித்தார்கள். பாரிஸ் திரும்பினால் வரித்துறையின் பாக்கிக் கணக்கு, அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்ததில் படம் வாங்க ஆளில்லை, யூகி கவிஞர் ரொபேர் தெஸ்னோஸோடு நெருக்கமாகிவிட்டார். 1931-இல் மதிலேன் என்ற பெண்ணோடு தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பாரிஸ் கண்காட்சி இங்கே விளக்கை அணைத்துவிடுகிறது. அதே 2018-இல் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை டோக்கியோ மாநகரக் கலை அருங்காட்சியகமும் அதே 50-ஆம் ஆண்டை வைத்து ஃபுஜிதாவைக் காட்டியது, ஆனால் 1931-இல் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. 1933-இல் ஊர் திரும்பியவர் போர்க்காலத்தில் ராணுவத்துக்காக வரைந்த படங்கள் அங்கே இன்னும் ஆறாத புண். 1943-இல், வட பசிபிக்கின் அட்டு தீவில் ஜப்பானியப் படை அமெரிக்கர்களோடு போட்ட கடைசிச் சண்டையை வரைந்தார். போர் முடிந்ததும் ஓவியர்களின் போர்ப் பொறுப்பு என்ற பேச்சு வந்தபோது பழியில் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது. 1949-இல் ஜப்பானை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை, 1955-இல் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் "அது வேறு காலம்" என்று கழற்றி வைப்பது பாரிஸுக்கு வசதி. ஆனால் 1928-இன் "சண்டை"யை அட்டு தீவுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புரளும் உடம்புகள் அதே உடம்புகள், அடுக்கிய விதம் அதே விதம், இந்தத் தடவை அவர்கள் நிஜமாகவே குத்திக்கொண்டு சாகிறார்கள்.

தோமோன் கென் அந்த ஸ்டுடியோவுக்குப் போனதும் இந்தப் போர் வருடங்களில்தான். சிக்கரோல் டின் மேசையில் இருக்கிறது. அதன்பின் வரைந்த அட்டு தீவுப் படத்தில், இரண்டரை மீட்டருக்கும் மேல் அகலமான அந்தக் கித்தானில், வெள்ளை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. முழுக்கச் சேற்றுப் பழுப்பு.